துருவுக்கும் காலம் வேண்டும்

பழையதைப் புதியதாக்கிக் காட்டுவதற்கு உலகில் ஆயிரம் வழிகள் உண்டு. கறுத்த குத்துவிளக்கைப் புளியிட்டு மினுக்குகிறோம். பாசி படிந்த மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். பொங்கலுக்கு முன்னர் வண்டிச் சக்கரத்துக்கு வர்ணம் தீட்டுகிறோம். புத்தம் புதிய பொருளொன்றைப் பழையதாக்கிக் காட்டுவதற்காக ஒருவன் இரவிரவாகக் கண்விழிக்கிறான் என்றால் கேட்போர் நகைக்கவே செய்வர். ஆயினும் அப்படியொரு வேலை உண்டு. பாடசாலைக் கடமைகள் முடிந்தபின் எமக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடுகிறது. அது வெறும் பொழுதுபோக்குத்தானா, அன்றி அதற்கு மேலான ஏதேனும் அதில் உண்டா என்பதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

நாம் சொல்வது யுத்த டாங்கிகளின் சிற்றுருவங்களைச் செய்யும் வேலையை. ஓர் அட்டைப் பெட்டி. அதனுள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள். கொத்தில் காய்கள் தொங்குவதுபோல அச்சட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள். ஒவ்வொன்றையும் நறுக்கி எடுத்து, வெட்டிய இடத்தை அரத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, வர்ணம் தீட்டவேண்டும். அத்துடன் வேலை முடிவதில்லை. புழுதியும் சேறும் எண்ணெய்க் கறையும் துருவும் படிந்தன போன்ற தோற்றத்தை அதன்மேல் ஏற்றவேண்டும். இந்தக் கடைசி வேலையை நாம் 'பழசாக்குதல்' என்போம். பெட்டியிலிருந்து வந்த பொருளுக்குச் சரித்திரம் கிடையாது. அதற்கு ஒரு சரித்திரத்தைக் கொடுப்பதுதான் பழசாக்குதல்.

எமது மேசையில் இப்போது நிற்பவை இரண்டும் 'ரி-34' எனப்படும் சோவியத் டாங்கிகள். ஒன்று 1942 ஆம் ஆண்டு வடிவம். மற்றையது 1944 இல் போர்முனைக்கு வந்த, 85 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டிய வடிவம். இந்த இரண்டாவது டாங்கி உண்மையில் பீரங்கிக் குழாயையும் சேர்த்து 8 மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமும் 32 தொன் நிறையும் கொண்டது. 35 இல் ஒரு பங்காகக் குறுக்கும்போது அதன் நீளம் 23 சென்ரிமீற்றர். அந்த அளவில், நிமிர்ந்து நிற்கும் மனிதன் ஒருவனின் உயரம் 5 சென்ரிமீற்றர். வகுப்பறையில் பாதி தேய்ந்த வெண்கட்டியின் உயரம் அது.

35 இல் ஒன்று என்ற இந்தக் கணக்கு எந்தக் கணித நியாயத்தாலும் பிறந்ததன்று. யப்பானின் ஷிஸுஓகா நகரிலுள்ள தமியா நிறுவனம் 1946 இல் மர வியாபாரமாகத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசி எரித்திருந்தன. மரத்தில் சிற்றுருவங்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம் 1960 இல் பிளாஸ்டிக்கில் இறங்கி, அடுத்த ஆண்டளவில் ஜேர்மன் 'பாந்தர்' டாங்கியைத் தயாரித்தது. அது தானே ஓடவேண்டுமாதலால் உள்ளே மோட்டரும் பற்றரிகளும் அடங்கவேண்டியிருந்தன. அவை அடங்கும் அளவுக்கு உடல் அமைக்கப்பட்டது. பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோது அது உண்மை டாங்கியின் 35 இல் ஒரு பங்காக இருந்தது. அந்த அளவே நாளடைவில் உலகெங்கும் பரவிற்று. குண்டால் எரிந்த நகரமொன்றிலிருந்து உலகத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை டாங்கிகள் கப்பலேறின. சந்தைக்கு எல்லாமே சரக்குத்தான். யுத்தத்தின் ஞாபகமும் அதற்கு விலக்கன்று.

ஆகவே, எமது நாட்டில் இவ்வேலையைச் செய்பவன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். வன்னியிலே பிறந்து, 2009 ஆம் ஆண்டின் பேரழிவுக்குள்ளால் பிள்ளைகளைக் கைப்பிடித்து நடந்து வந்த சக ஆசிரியர் ஒருவர், ஒருநாள் எமது மேசையை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். பின்னர், "மாஸ்டர், உதை ஏன் வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அக்கேள்வி எம்மைவிட்டு அகலவில்லை. எம்மவருக்கு டாங்கி என்பது சினிமாவில் மட்டும் கண்ட பொருளன்று. ஆனையிறவில், 1991 ஆம் ஆண்டுச் சமரில் பயன்பட்ட கவசமிட்ட புல்டோசர் ஒன்று கண்டி வீதியோரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பயணிகள் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். அதனுள்ளே இருந்தவன் எந்தத் தாயின் பிள்ளை, அதன் எதிரே நின்றவன் எந்தத் தாயின் பிள்ளை என்ற எண்ணம் அந்தப் படத்தில் விழுவதில்லை.

டாங்கி என்ற சொல்லே மறைப்பதற்காகப் பிறந்த சொல். முதலாம் உலக யுத்தத்தின்போது, 1915 இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையொன்றில் இக்கருவி இரகசியமாக உருவாயிற்று. செய்வது இன்னதென்று வெளியே தெரியாதிருக்கும்பொருட்டு, மெசப்பொத்தேமியாவுக்கு அனுப்பும் தண்ணீர்த் தாங்கி என்று கதை கட்டினர். 1916 செப்ரெம்பர் 15 இல் அது பிரான்சின் சோம் போர்க்களத்தில் உருண்டபோது பொய் வெளுத்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எமது பத்திரிகைகள் 'யுத்தத் தாங்கி' என்று எழுதியபோது அந்தப் பழைய பொய்யையும் சேர்த்தே தமிழாக்கிவிட்டன. பெயரிலேயே ஒளிப்பு உள்ள ஒரு பொருளின் சிற்றுருவத்தைச் செய்பவன், அதில் ஒளிந்திருப்பதை வெளிக்கொணர்கிறானா, அன்றி மேலும் ஒளிக்கிறானா? எம்மைப் பொறுத்தவரையில் கேள்வி இதுதான்.

முதலில் சுழற்கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது முட்டையோட்டைப்போல் வழுவழுப்பாயிருக்கும். உண்மை டாங்கியின் சுழற்கோபுரமோ அச்சில் உருக்கை வார்த்துச் செய்யப்பட்டது. அச்சின் சொரசொரப்பு அதன் மேனியில் அப்படியே பதிந்திருந்தது. அச்சின் பகுதிகள் சேர்ந்த இடத்தில் தழும்புபோல ஒரு வரம்பு ஓடியது. அமைதிக் காலமாயின் அவற்றையெல்லாம் தேய்த்து அழகுபடுத்தியிருப்பர். 1942 இல் அதற்கு அவகாசமில்லை. தேய்ப்பதனால் பீரங்கி கூடுதலாகச் சுடப்போவதுமில்லை. ஆகவே நாம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் பசையை மேலே தடவி, அது இளகியிருக்கும்போதே பழைய பல்தூரிகையால் குத்திக் குத்தி அச்சொரசொரப்பை உண்டாக்குகிறோம். மெழுகுதிரிச் சுவாலையில் சட்டத்துண்டொன்றை இளக்கி இழுத்தால் தலைமயிர் போன்ற நூல் வரும். அதைத் தகடுகள் சேரும் விளிம்பில் ஒட்டி, கத்தி முனையால் வரிவரியாகக் கீறினால் வெல்டிங் தழும்பு ஆகிறது. இவ்வாறு செய்யும்போதுதான் அந்தத் தழும்பை முதலில் இட்ட கை எவருடையது என்ற கேள்வி பிறக்கிறது.

இந்த டாங்கியின் பிரதம வடிவமைப்பாளர் மிஹாயில் கொஷ்கின். 1940 மார்ச்சில், முன்மாதிரி டாங்கிகள் இரண்டுடன் கார்கோவிலிருந்து மொஸ்கோவரை பனியூடாகப் பயணம் செய்தார். அதில் பற்றிய சளி நியுமோனியாவாக முற்றி, அதே ஆண்டு செப்ரெம்பரில் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. தாம் வடித்த கருவி போர்க்களம் புகுந்ததை அவர் காணவில்லை. 1941 ஜூன் 22 இல் நாஜிப் படைகள் சோவியத் நாட்டினுள் நுழைந்தன. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கார்கோவ் தொழிற்சாலை இயந்திரங்களோடும் தொழிலாளரோடும் ரயிலேறி, யூரல் மலைப்பகுதியிலுள்ள நிஸ்னி தகில் நகருக்குச் சென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கிருந்து முதல் டாங்கிகள் வெளிவந்தன. ஆண்கள் போர்முனைக்குச் சென்றபின் இயந்திரங்களின் முன் நின்றவர்களில் பெருந்தொகையினர் பெண்களும் பள்ளி வயதுப் பிள்ளைகளும். கீவிலிருந்து இடம்பெயர்ந்து அதே நகருக்கு வந்த அறிஞர் யெவ்கேனி பத்தோன் வெல்டிங் வேலையைத் தானே செய்யும் இயந்திரமுறையைப் புகுத்தினார். நீண்ட பயிற்சி இல்லாதவர்களும் கவசத்தகடுகளை ஒட்டுவது அதனாலேயே சாத்தியமாயிற்று.

இதனை வீரகாவியமாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 1941 டிசம்பரில் பிறந்த சட்டமொன்று, யுத்தத் தொழிற்சாலையை விட்டு அனுமதியின்றி நீங்கிய தொழிலாளியைப் படையை விட்டு ஓடியவனுக்கு ஒப்பாகக் கருதி 5 முதல் 8 ஆண்டுகள்வரை சிறை விதித்தது. பசியோடும் குளிரோடும் இந்த அச்சமும் அத்தொழிலாளரோடு கூடவே நின்றது. ஆயினும் நாஜிகள் வென்றால் தமக்கு என்ன நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவும் இந்த அச்சமும் கலந்ததே அவர்களுடைய உழைப்பு. எமது சிற்றுருவத்தில் ஒரு தழும்பு கோணலாகப் போகுமானால் அதை நாம் திருத்துவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையொன்று இரவு வேலையின் கடைசி மணித்தியாலத்தில் இட்ட தழும்பாக அது இருக்கட்டும்.

சக்கரங்களுக்கும் ஒரு கதை உண்டு. சாதாரணமாக டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி றப்பர் வளையம் இருக்கும். 1942 ஆம் ஆண்டு வடிவத்தின் பல சக்கரங்களில் அது இல்லை, வெறும் உருக்குத்தான். போர்முனை நெருங்கியதால் சோவியத் நாட்டின் செயற்கை றப்பர்த் தொழிற்சாலைகளும் குலைந்து இடம்பெயரவேண்டியிருந்தன. உருக்குச் சக்கரம் உருக்குச் சங்கிலியில் உருள எழுந்த இரைச்சல் வெகுதூரம் கேட்டது. அதே 1942 இல், மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானிடம் வீழ்ந்தபின், நேசநாடுகளுக்கு இயற்கை றப்பரின் பிரதான ஊற்றாக எஞ்சியது இலங்கை. மரத்தின் ஆயுளைப் பாராது பட்டையெல்லாம் வெட்டிப் பால் வடிக்கும் முறை அப்போது எமது தோட்டங்களிலே கையாளப்பட்டது. யூரலில் றப்பரின்றி உருண்ட சக்கரத்தையும், களுத்துறையில் விடியுமுன் சிரட்டையோடு மரத்தடிக்கு நடந்த தொழிலாளியையும் நேரே இணைக்கும் கயிறு எதுவும் இல்லை. எனினும் ஒரே யுத்தந்தான் இருவரையும் பிழிந்தது. ஒரு சிறு சக்கரத்துக்கு எந்த நிறம் பூசுவது என்று தேடப் புகுந்தவனை அது இவ்வளவு தொலைவுக்குக் கொண்டுசென்றுவிடுகிறது.

இனி வர்ணம். 4பிஓ என்று குறிக்கப்பட்ட காப்புப் பச்சையே அக்காலச் சோவியத் டாங்கிகளின் நிறம். மாரிகாலத்தில் அதன்மேல் சுண்ணாம்பு போன்ற வெள்ளையைப் பூசுவர். மழையிலும் கையுரசலிலும் அது கரைந்து பச்சை எட்டிப்பார்க்கும். 1942 ஆகஸ்டில் நாஜிப் படை ஸ்டாலின்கிராட் நகரின் உழவு இயந்திரத் தொழிற்சாலையை நெருங்கியபோது, வர்ணமே காணாத டாங்கிகளும் வாசலிலிருந்து நேரே சண்டைக்குப் போயின என்று யுத்த வரலாறுகள் கூறுகின்றன. பச்சை காய்ந்தபின், ஐதாக்கிய கபில நிற எண்ணெய் வர்ணத்தை மூலைமுடுக்குகளில் ஓடவிடுகிறோம். தேய்மானத்தைக் காட்டுவதற்குப் பென்சில் கரி. இந்தத் தேய்மானத்தை நினைத்த இடத்திலெல்லாம் இடுவது சரியாகாது. படைவீரர் கால் வைத்து ஏறிய இடம், மூடியைத் தூக்கப் பிடித்த விளிம்பு, குண்டுகளை உள்ளே இறக்கும்போது உரசிய வாய், எரிபொருள் ஊற்றும் துவாரம் ஆகியவை முதலில் தேயும். எண்ணெய் சிந்திய இடத்தில் புழுதி ஒட்டிக் கறுத்துப் பளபளக்கும். டாங்கியின் மேனியில் எங்கெங்கே வர்ணம் தேய்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு மனிதன் வேலை செய்தான் என்பது பொருள். தேய்மானம் என்பது உழைப்பின் வரைபடம்.

புழுதிக்குக் கடைச்சரக்குத் தேவையில்லை. வெண்கட்டித் தூளும் அடுப்புக் கரியும் செங்கல் தூளும் எமக்குப் போதும். சிரட்டைகளில் வெவ்வேறு விகிதத்தில் கலந்து வைத்திருக்கிறோம். ஆனால் எந்த ஊர்ப் புழுதி என்பது முக்கியம். எமது கை பழக்கத்தால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை நாடும். கூர்ஸ்க் சமவெளியோ கரிசல் நிலம். காய்ந்தால் சாம்பல் படர்ந்த கபிலம், நனைந்தால் கருமை. 1943 ஜூலையில் அங்கே நிகழ்ந்த பெருஞ்சமருக்காக ஒரு முழு டாங்கிச் சேனை சில நாட்களுக்குள் 300 கிலோமீற்றருக்கும் மேல் ஓடிவந்தது. கோடைப் புழுதியில் ஓட்டுநர்களின் முகம் தெரியவில்லை. புழுதி வெறும் அலங்காரமன்று. 1942 இல் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைக் களத்தில் ரி-34 ஒன்றைப் பரீட்சித்தவர்கள் அதன் காற்று வடிகட்டியை வெகுவாகக் குறைகூறினர். உள்ளே புகுந்த புழுதி இயந்திரத்தை அரைத்துத் தின்றது. தூரிகையால் நாம் மெல்லத் தூவும் தூள், அன்று ஒரு டாங்கியை நடுவெளியில் நிறுத்தி உள்ளிருந்தோரைக் குறிப்பொருளாக்கிய தூள்.

இப்போது துருவுக்கு வருகிறோம். உலகெங்கும் காட்சிக்கு வரும் சிற்றுருவங்களில் அதிகம் மெச்சப்படுவது துரு. செம்மஞ்சளும் கருஞ்சிவப்பும் அடுக்கடுக்காக ஏற்றிய டாங்கிகள் கண்ணுக்கு அழகாகவே இருக்கின்றன. அவற்றின் மூடி திறந்திருக்கும். மேலே கட்டளையாளர் சிரித்துக்கொண்டிருப்பார். இது நடவாத காரியம். துருவுக்கும் காலம் வேண்டும். ஓடித்திரியும் ரி-34 இல் துரு பிடிக்கும் இடங்கள் சிலவே. மண்ணில் புரளும் சங்கிலி ஓரிரவிலேயே துருப்பிடிக்கும், மறுநாள் ஓடும்போது உரசித் துலங்கும். வர்ணம் வெந்து உதிர்ந்த புகைக்குழாயில் துரு இருக்கும். உடலிலும் சுழற்கோபுரத்திலும் துரு கனத்துப் படர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். அந்த டாங்கிகளுக்கு ஆண்டுகள் கொடுக்கப்படவில்லை. யுத்தம் முடிவதற்குள் 50,000 க்கும் மேற்பட்ட ரி-34 டாங்கிகள் செய்யப்பட்டன. சோவியத் சேனை இழந்த நடுத்தர டாங்கிகளோ 40,000 க்கும் மேல், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ரி-34. மாதக்கணக்கில் வாழ்ந்தவை உண்டு. முதற்சமரிலேயே முடிந்தவையும் உண்டு. வர்ணத்தின் பச்சை மங்குமுன்னரே அவை மாண்டன.

விரைவில் முழு மேனியும் துருப்பிடிக்கும் டாங்கி ஒன்றே ஒன்றுதான். அது எரிந்த டாங்கி. தீ வர்ணத்தை உரித்துவிட, வெறும் உருக்கு சில நாட்களிலேயே செம்மஞ்சளாகும். ஆகவே உடலெங்கும் துரு படர்ந்த டாங்கி சொல்லும் செய்தி, உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியே வரவில்லை என்பதாகும். அதை அழகுக்காகப் பூசுபவன், பிணத்தின் நிறத்தை மணவறைக்குத் தீட்டுகிறான்.

மரியா ஒக்தியாப்ர்ஸ்கயா என்ற பெண்ணின் கதை இதை விளக்கும். கணவர் போரில் மாண்ட செய்தி அறிந்தபின், தம் உடைமைகளை விற்ற பணத்தை அரசிடம் கொடுத்து, ஒரு ரி-34 டாங்கி வாங்கும்படியும் அதைத் தாமே ஓட்ட அனுமதிக்கும்படியும் கேட்டார். அனுமதி கிடைத்தது. 'போர்த் தோழி' என்ற பெயர் அதன் சுழற்கோபுரத்தில் வெள்ளை எழுத்தில் பொறிக்கப்பட்டது. 1943 ஒக்டோபரில் முதற்சமர். 1944 ஜனவரியில், அறுந்த சங்கிலியைப் பழுதுபார்க்க வெளியே இறங்கியபோது குண்டுச் சில்லு தலையில் பாய்ந்தது. மார்ச் 15 இல் இறந்தார். அந்தப் பெயரெழுத்தோடு டாங்கியைச் செய்து, கனத்த துருவால் மூடுகிறவர்களும் உண்டு. அக்கறையோடு கணக்கிட்டால், அவருடைய போர்க்கள வாழ்வு மூன்று மாதம். பனியும் சேறும் படியலாம். வெள்ளை எழுத்துகளில் கரி ஏறலாம். துருவுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது டாங்கி இன்னும் கடினமான கேள்வியைக் கேட்கிறது. ஒரே பெட்டி, ஒரே உறுப்புகள், ஒரே பச்சை. சுழற்கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டி தீட்டினால் அது 1945 ஏப்ரலில் பேர்லினுள் நுழைந்த டாங்கி. நேசநாட்டு விமானங்கள் இனங்காண்பதற்காக இட்ட அடையாளம் அது. சுவர்த் தூளும் புகைக்கரியும் அதன்மேல் படிந்திருக்கவேண்டும். பாசிசத்தின் குகைக்குள் புகுந்த அந்த டாங்கியை நினைத்தால் முற்போக்காளர் எவருக்கும் நெஞ்சு விம்மும். அவ்வாண்டு நவம்பரில் அந்நகரின் தியர்கார்த்தன் பூங்காவில் எழுந்த நினைவுச் சின்னத்தின் இருபுறமும் ரி-34 டாங்கிகள் இரண்டு பீடமேறின. அவற்றில் புழுதி இல்லை, தேய்மானமும் இல்லை. பீடமேறிய பொருளுக்கு வேர்வை ஆகாதுபோலும்.

வெள்ளைப் பட்டியை விட்டுவிட்டால் அதே டாங்கி, அதே நகரம், 1953 ஜூன் 17. வேலை அளவு உயர்த்தப்பட்டதை எதிர்த்து முந்தினநாள் கட்டடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தனர். தொழிலாளர் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசைக் காக்க, தொழிலாளர் கைகள் வார்த்த டாங்கிகள் தொழிலாளருக்கு எதிரே வந்தன. இரண்டு இளைஞர் அவற்றின்மேல் கல்லெறியும் நிழற்படம் உலகறிந்தது. அந்நாட்களில் மாண்டவர் 50 க்கும் மேற்பட்டோர். அந்த டாங்கியைச் செய்வதாயின் பழசாக்க அதிகம் இல்லை. நன்கு பேணப்பட்ட பச்சை. வீதிப் புழுதி கொஞ்சம். சுழற்கோபுரத்தின் பக்கவாட்டில் கல் பட்ட வெளிறிய சிறு புள்ளி ஒன்று. தூரிகை முனையால் ஒருமுறை தொட்டால் போதும். ஆனால் அந்த ஒரு புள்ளியை இடுவதற்குத் தேவைப்படும் மனவுறுதி, ஆயிரம் துருக்கறைகளுக்குத் தேவையில்லை. நம்முடைய பக்கத்து டாங்கியின்மேல் விழுந்த கல்லையும் காட்டத் துணிபவனே உண்மையில் பழசாக்குகிறான்.

அதே பேர்லினில், 2023 பெப்ரவரி 24 இல், ருஷ்யத் தூதரகத்தின் எதிரே உண்மையான துருப்பிடித்த டாங்கியொன்று கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. முந்திய ஆண்டு கீவ் நகருக்கு அருகே எரிந்த ருஷ்ய ரி-72 அது. ஓராண்டு முடியவில்லை, மேனி முழுவதும் செந்துரு. சிலர் அதன்மேல் ரோசாப்பூக்களை வைத்தனர். வேறு சிலர் அதைக் கண்டு சினந்தனர். ரி-34 பிறந்த கார்கோவ் நகரத்தின் மீதே 2022 முதல் ருஷ்யக் குண்டுகள் விழுந்தன. பெருமையும் வெட்கமும் ஒரே உருக்கில் வார்க்கப்பட்டவை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

எமது நண்பரின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். இந்தப் பொருளை வீட்டுக்குள் வைத்திருப்பது அதை வியப்பதற்காகவானால் அவர் கேட்டது முற்றிலும் சரி. அதனை அன்றே வெளியே வீசியிருக்கவேண்டும். பீடத்தில் நிற்கும் டாங்கி பிள்ளைகளிடம் வெற்றியை மட்டும் சொல்கிறது. கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் டாங்கி அழகை மட்டும் சொல்கிறது. எமது மேசைக்கு மாணவர் வரும்போது நாம் அவர்களிடம் முதலில் கேட்பது, 'இந்த வர்ணம் ஏன் இங்கே தேய்ந்திருக்கிறது?' என்பதே. அங்கிருந்து கை வருகிறது. கையிலிருந்து ஆள் வருகிறான். ஆளிலிருந்து தொழிற்சாலையும் சட்டமும் பசியும் வருகின்றன. அடுத்து, 'துரு ஏன் இல்லை?' என்று கேட்கிறோம். அதற்கு விடை கண்டுபிடித்த மாணவியொருத்தி சற்றுநேரம் பேசாதிருந்தாள். ஒரு தவணை முழுவதும் நாம் நடத்திய சரித்திர பாடத்தில் அத்தகைய மௌனம் எமக்குக் கிட்டியதில்லை. நண்பரும் இப்போது இடையிடையே வந்து அமர்கிறார். டாங்கியைத் தொடுவதில்லை. எமது சேற்றின் நிறம் பிழையென்றால் மட்டும் சொல்வார். மழையில் சங்கிலி ஏறிய மண் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் எந்தத் தூரிகையாலும் ஏற்ற முடியாது. பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான உறுப்புகள் இருந்தும் டாங்கியின் உள்ளே எதுவும் கிடையாது, வெறும் கூடு. உண்மை டாங்கியின் ஓட்டுநருக்கு மூடியை அடைத்தால் வெளியே சரிவரத் தெரியாது. ஆதலால் ஆபத்தென்று அறிந்தும் பலர் அதை ஓர் உள்ளங்கை அளவு திறந்து வைத்தே சமருக்குள் ஓட்டினர். எமது டாங்கிகள் இரண்டிலும் அந்த மூடியை இறுக ஒட்டாது, இரண்டு மூன்று மில்லிமீற்றர் திறந்து விட்டிருக்கிறோம். மேசைவிளக்கின் ஒளி எவ்வளவு பிரகாசமாயினும் அந்த இடைவெளி இருண்டே கிடக்கும். பார்க்க வருகிறவர்கள் குனிந்து அதனுள் எட்டிப்பார்க்கின்றனர். உள்ளே யார் இருந்தார் என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்பாராயின், நாம் கண்விழித்த இரவுகள் வீண்போகவில்லை.